முதலாவது திருத்தம் இருந்தும் மாசசூசெட்ஸில் திருச்சபை வரி 1833 வரை நீடித்தது எப்படி?

கேள்வி: ஏட்டுவாசகன்

அமெரிக்கக் குடியரசின் முதல் ஐம்பது ஆண்டுகளில் அரசமைப்புச் சிந்தனையும் மதமும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதைப் படித்து வருகிறேன். அதில் எனக்கு அவிழாத ஒரு முடிச்சை இங்கே முன்வைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

1787-இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் எழுதிய அரசமைப்பில் கடவுளை நோக்கிய வேண்டுதலோ நன்றியுரையோ இல்லை. ஆவணத்தின் இறுதியில் தேதி குறிக்கும் இடத்தில் 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்ற அக்கால வழக்கு வருகிறது, மசோதாவுக்கு அதிபர் ஒப்புதல் தருவதற்கான பத்து நாள் கெடுவைக் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட வேண்டும் என்ற குறிப்பு வருகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல், கூட்டாட்சி அரசின் கீழுள்ள எந்தப் பதவிக்கும் மதச் சோதனை எதுவும் ஒருபோதும் தகுதியாகக் கோரப்படக் கூடாது என்று ஆறாம் உறுப்பு திட்டவட்டமாக விதிக்கிறது. 1791 டிசம்பரில் ஏற்கப்பட்ட முதலாவது திருத்தம், மதத்தை அரசு சார்பில் நிலைநாட்டுவது பற்றியோ மதத்தைத் தடையின்றிக் கடைப்பிடிப்பதை மறுத்தோ காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது என்கிறது.

இவற்றைப் படித்துவிட்டு மாநிலங்களின் வரலாற்றுக்கு வந்தால், வேறொரு நாட்டைப் பற்றிப் படிப்பது போல இருக்கிறது. மாசசூசெட்ஸில் புராட்டஸ்டன்ட் போதகர்களின் ஊதியத்துக்காக 1833 வரை வரி தண்டப்பட்டது. கனெக்டிகட்டில் அந்த ஏற்பாடு 1818-இலும் நியூ ஹாம்ப்ஷயரில் 1819-இலும்தான் முடிவுக்கு வந்தது. டெலவேரின் 1776-ஆம் ஆண்டு அரசமைப்பு, பதவி ஏற்பவர் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொருமையில் தமக்குள்ள நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும் என்று கோரியது. மேரிலாந்தில் யூதர்கள் அரசுப் பதவி வகிப்பதற்கு 1826 வரை வழி பிறக்கவில்லை.

அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது என்பாரும், அது முழுமையான மதச்சார்பற்ற அரசாகப் பிறந்தது என்பாரும் தத்தமக்கு ஏற்ற சான்றுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஐயங்கள் இரண்டு. திருத்தம் நடைமுறையில் இருந்தபோதே மாநிலங்களின் திருச்சபை வரி சட்டப்படி எவ்வாறு செல்லுபடியானது? இரண்டாவது, அரசையும் திருச்சபையையும் பிரிக்க வேண்டும் என்று உண்மையில் பாடுபட்டவர்கள் யார்? ஜெஃபர்சனைப் போன்ற பகுத்தறிவாளர்கள் சிலர் மேலிருந்து கொடுத்ததுதானா அது?

மறுமொழி 1: சட்டப்படிக்கட்டு

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை எளிது. ஆனால் அதன் விளைவுகள் எளிதானவை அல்ல. முதலாவது திருத்தம் தடை விதிப்பது காங்கிரஸுக்கு மட்டுமே. மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1791-இல் இருந்தவர்களுக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது, ஏனெனில் உரிமைகள் பட்டியலை (அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களை) கேட்டவர்கள் அஞ்சியது புதிதாகத் தோன்றியிருந்த மைய அரசையே. தம் மாநில அரசுகளை அவர்கள் பழகிய வீடாகவே கருதினார்கள்.

மாநிலங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று எண்ணிய ஒருவர் இருந்தார் என்பதே இதில் சுவையான செய்தி. ஜேம்ஸ் மாடிசன் 1789 ஜூன் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் முன்வைத்த திருத்தங்களுள், எந்த மாநிலமும் மனச்சாட்சியின் சம உரிமைகளையோ பத்திரிகைச் சுதந்திரத்தையோ குற்றவியல் வழக்குகளில் நடுவர்குழு விசாரணையையோ மீறக் கூடாது என்ற ஒன்றும் இருந்தது. பட்டியலிலேயே மிகவும் மதிப்புள்ள திருத்தம் அதுதான் என்று அவர் வாதாடினார். பிரதிநிதிகள் சபை அதை ஏற்றது, செனட் நீக்கிவிட்டது. அக்காலத்தில் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள் என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடந்த விவாதத்தைப் படித்துப் பாருங்கள். கனெக்டிகட்டின் பெஞ்சமின் ஹண்டிங்டன் எழுந்து, இந்தச் சொற்கள் மதத்துக்குக் கேடாக முடியலாம் என்ற கவலையை வெளியிட்டார். அவருடைய பகுதியில் போதகரின் ஊதியத்துக்கும் ஆலயக் கட்டடத்துக்கும் ஊர் மக்கள் ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தாதவர் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு வந்தால், மதத்தை நிலைநாட்டக் கூடாது என்ற விதியைக் காட்டி அவர் தப்பித்துவிடுவாரோ என்பதே அவருடைய அச்சம். ஆக, திருத்தத்தை ஆதரித்து வாக்களித்தவர்களுள் சிலர் திருச்சபை வரியை ஒழிக்க விரும்பியவர்கள். வேறு சிலர் தம் ஊர்த் திருச்சபை வரியில் மைய அரசு கைவைக்காமல் பார்த்துக்கொள்ள விரும்பியவர்கள். ஒரே வாசகம் இரு சாராருக்கும் ஒத்துப்போனது. மாடிசனுக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

1833-இல் பேரன் எதிர் பால்டிமோர் என்ற வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், உரிமைகள் பட்டியல் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தார். அது சொத்து தொடர்பான வழக்கு. மதம் தொடர்பாகவே அதே விடையை உச்ச நீதிமன்றம் 1845-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கத்தோலிக்கக் குரு ஒருவரின் வழக்கில் தந்தது: மாநிலங்களின் குடிமக்களுக்கு மதச் சுதந்திரத்தைக் காக்கும் பொறுப்பை அரசமைப்பு அந்தந்த மாநிலத்தின் சட்டங்களுக்கே விட்டுவிட்டது என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த பதினான்காம் திருத்தத்தின் வழியே வழிபாட்டுச் சுதந்திர விதி மாநிலங்களுக்குப் பொருந்தும் என்று 1940-இலும், மதத்தை நிலைநாட்டக் கூடாது என்ற விதி பொருந்தும் என்று 1947-இலும்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் ஒரு வேடிக்கை: மாசசூசெட்ஸும் கனெக்டிகட்டும் ஜார்ஜியாவும் உரிமைகள் பட்டியலுக்கு முறைப்படி ஒப்புதல் தந்தது 1939-இல்தான், அதாவது அது சட்டமாகி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு.

மாசசூசெட்ஸின் ஏற்பாட்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை இங்கிலாந்துத் திருச்சபையைப் போன்ற ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் பலர். ஜான் ஆடம்ஸ் பெரும்பகுதி எழுதிய 1780-ஆம் ஆண்டு அரசமைப்பின் மூன்றாம் உறுப்பு ஆடம்ஸ் எழுதியதன்று. அது மாநாட்டுக் குழுவில் உருவானது. மக்களின் நல்வாழ்வும் குடியாட்சியின் நிலைபேறும் பக்தியையும் ஒழுக்கத்தையும் சார்ந்தவை என்று தொடங்கி, பொது வழிபாட்டுக்கும் புராட்டஸ்டன்ட் போதகர்களின் பராமரிப்புக்கும் ஒவ்வொரு ஊரும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டமன்றம் கட்டளையிடலாம் என்றது. எந்த ஒரு பிரிவும் இன்னொரு பிரிவுக்குக் கீழ்ப்பட்டதாகச் சட்டத்தால் ஆக்கப்படாது என்றும் அதே உறுப்பு உறுதி கூறியது. வேறு பிரிவைச் சேர்ந்தவர் தாம் செல்லும் ஆலயத்தின் போதகருக்கே தம் பணத்தைத் திருப்பிவிடுமாறு கோரவும் வழி இருந்தது.

ஏட்டில் இது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். போதகரைத் தேர்ந்தெடுப்பது ஊரின் பெரும்பான்மை வாக்கு. பெரும்பாலான ஊர்களில் பெரும்பான்மையினர், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நிர்வகிக்கும் காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர். ஆகவே நடைமுறையில் வரிப்பணம் யாருக்குச் சென்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாப்டிஸ்ட் ஒருவர் விலக்குப் பெற வேண்டுமானால் தாம் பாப்டிஸ்ட்தான் என்று சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. ஐசக் பாக்கஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் இதை முற்றாக எதிர்த்தார்: சான்றிதழ் கேட்டுப் பெறுவதே, கடவுளுக்கு மட்டும் உரிய அதிகாரம் அரசுக்கு உண்டென்று ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் வாதம். 1810-இல் மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தியோஃபிலஸ் பார்சன்ஸ், சட்டப்படி பதிவுபெற்ற சங்கத்தின் போதகர்தான் இந்தப் பணத்தைக் கோர முடியும் என்று கூறியதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று, ஏனெனில் பாப்டிஸ்ட் சபைகள் பல அவ்வாறு அரசிடம் பதிவு பெறுவதையே கொள்கையளவில் மறுத்தவை. அடுத்த ஆண்டே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி அந்தக் கடுமையைத் தளர்த்த வேண்டி வந்தது.

மறுமொழி 2: சுடர்விழி

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடையளிக்க முயல்கிறேன். மேலே பாக்கஸின் பெயர் வந்தது நல்ல தொடக்கம். பிரிவினைக்காகப் பாடுபட்டவர்களுள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் தீவிர நம்பிக்கையாளர்களே என்பது என் கருத்து. பகுத்தறிவாளர்கள் எழுத்தைத் தந்தார்கள். கையொப்பங்களையும் வாக்குகளையும் தந்தவர்கள் பாப்டிஸ்டுகளும் பிரஸ்பிட்டீரியன்களும் ஆவர்.

இதற்கு வர்ஜீனியாவைப் பார்க்க வேண்டும். அங்கே புரட்சிக்கு முன் ஆங்கிலிக்கன் திருச்சபையே அரசுத் திருச்சபையாக இருந்தது. உரிமமின்றிப் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். 1774-இல் இருபத்திரண்டு வயது மாடிசன் தம் பிலடெல்பியா நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அருகிலுள்ள மாவட்டத்தில் ஐந்தாறு பேர் தம் மதக் கருத்துகளை வெளியிட்டதற்காகச் சிறையில் கிடப்பதைக் கொதிப்புடன் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து வர்ஜீனிய உரிமை அறிக்கை உருவானபோது, ஜார்ஜ் மேசனின் வரைவு மதத்தில் முழுமையான சகிப்பை வழங்குவதாக இருந்தது. மாடிசனின் முயற்சியால் அது, மதத்தைத் தடையின்றிக் கடைப்பிடிக்க எல்லா மனிதருக்கும் சம உரிமை உண்டு என்று மாற்றப்பட்டது. சகித்துக்கொள்பவர் நாளை சகிக்க மறுக்கவும் முடியும் என்பதை அந்த இளைஞர் உணர்ந்திருந்தார்.

பெரிய போராட்டம் 1784-இல் தொடங்கியது. பேட்ரிக் ஹென்றி, கிறிஸ்தவ மத போதகர்களுக்கான பொது வரி மசோதாவை ஆதரித்துப் பேசினார். அது குறுகிய நோக்குடைய மசோதா என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வரி செலுத்துபவர் எந்தப் பிரிவுக்குத் தம் பணம் போக வேண்டும் என்று தாமே குறிப்பிடலாம். முறையான போதகர் வர்க்கம் இல்லாத குவேக்கர்களுக்கும் மெனொனைட்டுகளுக்கும் தனி ஏற்பாடு இருந்தது. எந்தப் பிரிவையும் குறிப்பிடாதவரின் பணம் கல்விக்குச் செல்லும். ஜார்ஜ் வாஷிங்டனே கொள்கையளவில் இத்தகைய வரியைக் கண்டு தாம் அதிர்ச்சியடையவில்லை என்று மேசனுக்கு எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் ஹென்றி ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சட்டமன்றத்தை விட்டு விலகியது மாடிசனுக்கு வாய்ப்பாக அமைந்தது. நாவன்மையில் ஹென்றிக்கு நிகரானவர் அங்கே எவரும் இல்லை.

மசோதா அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைக்கப்பட்ட இடைவெளியில், 1785 கோடையில் மாடிசன் தம் பெயரிடாமல் ஒரு விண்ணப்பத்தை எழுதிப் பரவச் செய்தார். ஒரு மதப் பிரிவின் பராமரிப்புக்காக ஒருவரிடம் மூன்று பென்ஸ் மட்டும் கட்டாயமாகப் பெற முடிந்த அரசு, எந்த அரசுத் திருச்சபைக்கும் அவரைப் பணியச் செய்ய முடியும் என்பது அதன் புகழ்பெற்ற வாதம். ஆனால் அதே விண்ணப்பம், அரசின் ஆதரவைக் கேட்பது கிறிஸ்தவ மதத்தின் மீதே நம்பிக்கையின்மையைக் காட்டுவதாகும் என்றும், அரசின் துணையின்றியே அம்மதம் முதல் நூற்றாண்டுகளில் செழித்தது என்றும் வாதிடுகிறது. நற்செய்திக் கிறிஸ்தவர்கள் தனியே தயாரித்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய இன்னொரு விண்ணப்பம், மாடிசனுடையதைவிட அதிகமான கையொப்பங்களைப் பெற்றது. மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மறைந்தது. அந்த அலையிலேயே, ஜெஃபர்சன் 1777-இல் வரைந்து கிடப்பில் கிடந்த மதச் சுதந்திரச் சட்டத்தை மாடிசன் வெளியே எடுத்து நிறைவேறச் செய்தார். அது 1786 ஜனவரியில் சட்டமானபோது ஜெஃபர்சன் தூதராகப் பிரான்ஸில் இருந்தார். தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டியவை என்று அவர் குறித்துவைத்த மூன்றனுள் இச்சட்டம் ஒன்று. அதிபராக இருந்ததை அவர் அதில் சேர்க்கவில்லை.

முதலாவது திருத்தத்திலும் இதே கூட்டணியைக் காணலாம். உரிமைகள் பட்டியல் தேவையில்லை என்று தொடக்கத்தில் கருதிய மாடிசன், 1789-இல் ஜேம்ஸ் மன்ரோவை எதிர்த்துத் தேர்தலில் நின்றபோது, ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் போதகருக்கு எழுதிய கடிதத்தில், மனச்சாட்சியின் உரிமையைக் காக்கும் திருத்தங்களைக் கொண்டுவரப் பாடுபடுவதாக உறுதியளித்தார். பாப்டிஸ்ட் வாக்குகள் இல்லாமல் அவர் வென்றிருப்பாரா என்பது ஐயமே.

மீண்டும் ஏட்டுவாசகன்

இருவருக்கும் நன்றி. மாநில வரியை நீதிமன்றம் ஏன் தொடவில்லை என்பது இப்போது விளங்குகிறது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான 'பிரிவினைச் சுவர்' என்ற ஜெஃபர்சனின் தொடர், அந்தக் காலத்து மக்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கொள்கையா, அல்லது பிற்கால நீதிபதிகள் தேடியெடுத்துப் பெரிதாக்கிய தனிக் கடிதமா? 1797-ஆம் ஆண்டு திரிப்போலி உடன்படிக்கையையும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு எவ்வளவு எடை தரலாம்?

மறுமொழி 3: எதிர்க்கரை

மேலே சொல்லப்பட்டவற்றை மறுக்கவில்லை. ஆனால் சித்திரம் ஒருபக்கமாகச் சாய்கிறது என்று எனக்குப் படுகிறது.

திரிப்போலியை முதலில் முடித்துவிடலாம். ஐக்கிய அமெரிக்காவின் அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்று அதன் பதினோராம் பிரிவின் ஆங்கில வடிவம் கூறுகிறது. செனட் அதை ஒருமனதாக ஏற்றது. அதிபர் ஜான் ஆடம்ஸ் கையொப்பமிட்டார். அது வெளிப்படையாக அச்சிடப்பட்டதும் உண்மையே. எனினும் அதன் நோக்கம், மதத்தைக் காரணமாக வைத்துப் பகை மூளாது என்று வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசு ஒன்றுக்கு உறுதியளிப்பது. அரபு மூலத்தில் அந்தப் பிரிவு காணப்படவில்லை; 1805-இல் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையிலும் அந்த வாசகம் இல்லை. செனட்டர்கள் எவரும் அந்த வாசகத்தால் அதிர்ச்சியடையவில்லை என்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளலாம்; அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றுவது சரியன்று.

சுவர் பற்றிய கடிதம் 1802 ஜனவரி 1 அன்று கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு எழுதப்பட்டது. தாங்கள் அனுபவிக்கும் மதச் சுதந்திரம் தங்கள் மாநிலத்தில் பறிக்க முடியாத உரிமையாக இல்லாமல், தயவாக வழங்கப்பட்ட சலுகையாக இருக்கிறதே என்று அவர்கள் முறையிட்டிருந்தார்கள். ஜெஃபர்சனின் பதில் நட்பார்ந்தது. ஆனால் கனெக்டிகட்டை மாற்றும் அதிகாரம் தமக்கு உண்டென்று அவர் எங்கும் கூறவில்லை. நியூ இங்கிலாந்து அரசியலை அறிந்த இரு அமைச்சரவைத் தோழர்களிடம் வரைவைக் காட்டிவிட்டு, தாம் ஏன் நன்றியறிவிப்பு நாள்களையும் நோன்பு நாள்களையும் அறிவிப்பதில்லை என்பதை விளக்கிய பகுதியை நீக்கிவிட்டே அனுப்பினார். அக்கடிதத்தை உச்ச நீதிமன்றம் முதன்முதலாக எடுத்துக்காட்டியது 1879-இல், மோர்மன் பலதார மணம் பற்றிய ரெனால்ட்ஸ் வழக்கில். 'சுவர்' என்ற உவமையை இன்னும் முன்னதாக 1644-இலேயே ரோட் ஐலண்டின் ராஜர் வில்லியம்ஸ் பயன்படுத்தியிருந்தார்; திருச்சபை என்னும் தோட்டத்தை உலகம் என்னும் காட்டிலிருந்து காக்கும் சுவர் அவருடையது. ஆக, உங்கள் இரு தெரிவுகளுள் இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமானது; ஆனால் கருத்து ஜெஃபர்சன் தனியே கண்டதன்று.

கடிதம் எழுதிய இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஜெஃபர்சன் பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் நடந்த கிறிஸ்தவ வழிபாட்டுக்குச் சென்றார். அன்று அங்கே பிரசங்கித்தவர் மாசசூசெட்ஸ் பாப்டிஸ்ட் போதகர் ஜான் லீலண்ட். தம் ஊர் மக்கள் அதிபருக்குப் பரிசாகச் செய்த 1235 பவுண்டு எடையுள்ள பாலாடைக் கட்டியை அவரே கொண்டுவந்து புத்தாண்டு நாளில் ஒப்படைத்திருந்தார். அரசுத் திருச்சபையை வாழ்நாள் முழுவதும் எதிர்த்த போதகர் நாட்டின் சட்டமன்ற மண்டபத்தில் பிரசங்கிப்பதிலும், பிரிவினைச் சுவரைப் பற்றி எழுதிய அதிபர் அங்கே அமர்ந்து கேட்பதிலும் அந்தக் காலத்தவர் முரண் எதையும் காணவில்லை.

இன்னும் உண்டு. முதல் காங்கிரஸ் தன் அவைக் குருமார்களுக்கு ஊதியம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றிய மூன்றே நாள்களில் உரிமைகள் பட்டியலுக்கு இறுதி வடிவம் தந்தது. மாடிசன் பிற்காலத்தில் அந்தக் குருமார் நியமனம் அரசமைப்புக்கு முரணானது என்று எழுதிவைத்தார். ஆனால் 1812-ஆம் ஆண்டுப் போரின்போது அதிபராக அவரே பொது வேண்டுதல் நாள்களை அறிவித்தார். நீதிமன்றங்களைப் பார்த்தால், அரசுத் திருச்சபை இல்லாத நியூயார்க்கில்கூட 1811-இல் ரகிள்ஸ் என்பவர் இயேசுவையும் மரியாளையும் இழித்துப் பேசியதற்காக மூன்று மாதச் சிறையும் 500 டாலர் அபராதமும் பெற்றார். அத்தீர்ப்பை உறுதிசெய்த மாநிலத் தலைமை நீதிபதி ஜேம்ஸ் கென்ட், இம்மாநில மக்களின் ஒழுக்கம் கிறிஸ்தவத்தோடு ஆழ்ந்து பிணைந்துள்ளது என்றும், முகம்மதையோ திபெத்திய லாமாவையோ தாக்கிப் பேசுவதை இதுபோலத் தண்டிக்க வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதினார்.

கூட்டாட்சி அளவில் மதச் சோதனையை விலக்கிய ஆறாம் உறுப்பும் எதிர்ப்பின்றி வந்துவிடவில்லை. தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி அதை முன்மொழிந்தபோது, காலம் தாராளப் போக்குடையதாக மாறிவிட்டதால் இதற்குத் தேவையே இல்லை என்று ரோஜர் ஷெர்மன் கருதினார். வட கரோலினா எதிர்த்து வாக்களித்தது. 1788 ஜூலையில் அம்மாநிலத்தின் ஒப்புதல் மாநாட்டில், யூதரும் முகம்மதியரும் ஏன் போப்பும்கூட அதிபராகிவிடலாமே என்ற அச்சம் கிளப்பப்பட்டது. எந்தக் கூட்டத்தாரையும் விலக்கத் தொடங்கினால் மதச் சுதந்திரத்தின் அடிப்படையையே தகர்க்காமல் எப்படி விலக்குவீர்கள் என்று ஜேம்ஸ் அயர்டெல் அதற்கு விடையிறுத்தார். போப்பைப் பற்றியோ, அவர் அமெரிக்காவில் பிறந்தவராகவும் பதினான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவராகவும் இருக்க வேண்டும் என்பதை எடுத்துக்காட்டி அவையைச் சிரிக்கவைத்திருக்க வேண்டும். அந்த மாநாட்டு உரைகளிலேயே நான் விரும்பிப் படிக்கும் பகுதி அது.

மறுமொழி 4: கரும்பலகை

நம்பிக்கையாளர்களும் பகுத்தறிவாளர்களும் கைகோத்த கதையில் ஒரு பெரிய மக்கள்தொகை விடுபட்டுப் போகிறது. வர்ஜீனியச் சட்டம் எல்லா மனிதரையும் பற்றிப் பேசியது. அம்மாநிலத்தின் அடிமைகளுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. 1831-இல் நேட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் நடந்த கிளர்ச்சிக்குப் பின், அடிமைகளோ விடுதலை பெற்ற கறுப்பினத்தவரோ பிரசங்கிப்பதை வர்ஜீனியா 1832-இல் தடைசெய்தது. உரிமமின்றிப் பிரசங்கித்ததற்காகப் பாப்டிஸ்டுகளைச் சிறையிலடைத்த அதே மாநிலம், மதச் சுதந்திரச் சட்டம் வந்து நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இதைச் செய்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1822-இல் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரான டென்மார்க் வீசியின் அடிமைக் கிளர்ச்சிச் சதித்திட்டம் வெளிப்பட்டதாகக் கூறப்பட்டபின், கறுப்பினத்தவரின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆலயம் இடிக்கப்பட்டது.

பூர்வகுடியினர் விஷயத்தில் கூட்டாட்சி அரசு நேரடியாகவே மதப் பணிக்குப் பணம் தந்தது. 1803-இல் ஜெஃபர்சன் ஆட்சியில் கஸ்காஸ்கியா மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை, கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு ஏழு ஆண்டுகள் ஆண்டுக்கு 100 டாலரும் ஆலயம் கட்ட 300 டாலரும் ஒதுக்கியது. 1819-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுதோறும் 10,000 டாலரை அம்மக்களை 'நாகரிகப்படுத்த' ஒதுக்கியது; அதில் பெரும்பகுதி மிஷனரிச் சங்கங்களின் பள்ளிகளுக்கே சென்றது. வெள்ளையரின் ஊர்களில் போதகருக்கு மூன்று பென்ஸ் தருவது குறித்து அவ்வளவு நுட்பமாக வாதிட்ட தலைமுறை, இதைப் பற்றி அதிகம் வாதிட்டதாகத் தெரியவில்லை.

மறுமொழி 5: சட்டப்படிக்கட்டு

மாசசூசெட்ஸின் ஏற்பாடு இறுதியில் எப்படிச் சாய்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சாய்த்தவர்கள் பாப்டிஸ்டுகள் மட்டுமல்லர். காங்கிரிகேஷனல் பிரிவுக்குள்ளேயே மூவொருமைக் கோட்பாட்டை ஏற்காத யூனிட்டேரியன்கள் பெருகிவந்தனர். டெடம் என்ற ஊரில் 1818-இல் வரி செலுத்தும் ஊரார் தாராளப் போக்குடைய போதகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். திருவிருந்தில் பங்குகொள்ளும் முழு உறுப்பினர்களுள் பெரும்பான்மையினர் அவரை ஏற்காமல் வெளியேறினர். திருச்சபையின் சொத்து யாருக்கு என்ற வழக்கில் 1820-இல் மாநில உச்ச நீதிமன்றம், ஊராரோடு தங்கிவிட்ட சிறுபான்மையே சட்டப்படி அந்தத் திருச்சபை என்று தீர்ப்பளித்தது. சொத்தும் நிதியும் வெளியேறியவர்களின் கையை விட்டுப் போயின. அடுத்த ஆண்டுகளில் இதே கதை ஊர் ஊராக நடந்தது. திருச்சபை வரியின் அசைக்க முடியாத காவலர்களாக இருந்த மரபுவாதக் காங்கிரிகேஷனலிஸ்டுகளே, தாம் தவறான உபதேசம் என்று கருதிய போதனைக்குத் தம் பணம் செல்வதைக் கண்டபின்தான் பாக்கஸின் வாதத்தின் வலுவை உணர்ந்தார்கள்.

கனெக்டிகட்டில் லைமன் பீச்சர் என்ற காங்கிரிகேஷனல் போதகருக்கும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. அரசுத் திருச்சபை வீழ்ந்தபோது மனமுடைந்துபோன அவர், பின்னாளில் அம்மாநிலத்துக்கு நேர்ந்தவற்றிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று எழுதினார். அரசின் தாங்கலை இழந்த திருச்சபைகள் தம் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டன என்பது அவர் கண்ட காரணம்.

1833 நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் மூன்றாம் உறுப்பை நீக்கும் திருத்தத்தை ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏற்றனர். எந்தக் கூட்டாட்சி நீதிமன்றமும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஆயினும், எதிர்க்கரை அவர்கள் நியூயார்க்கில் காட்டியது போல, தெய்வ நிந்தனையைத் தண்டிக்கும் சட்டம் மாசசூசெட்ஸிலும் அப்படியே நின்றது. அடுத்த மாதமே, முன்பு போதகராக இருந்த ஆப்னர் நீலண்ட் தம் பாஸ்டன் இதழில் தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்ற பொருள்படும் கட்டுரையை வெளியிட்டார். அதற்காக அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு பல விசாரணைகளைக் கடந்து, 1838-இல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா தண்டனையை உறுதிசெய்ததும், அவர் 60 நாள் சிறைக்குச் சென்றார்.